ஒரே வீட்டில் ஒரு சாமி, ஒரு கழுதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களையெல்லாம் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரித்துப் பேச எனக்கு வராது. நீங்கள் போடும் ஊசி கண்ணுக்கே தெரிவதில்லை. பிள்ளையின் தோளில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டால் சர்க்கரை எவ்வளவு என்று செல்போன் சொல்லிவிடுகிறதாம். இறங்கினால் மணியும் அடிக்கிறதாம். நானோ பணிக்காலம் முழுக்கப் பிஞ்சு விரல்களைக் குத்திக் குத்தி, கடைத்தெருவில் என்னைப் பார்த்தாலே பிள்ளைகள் விரலை மடக்கிக்கொள்ளும்படி வாழ்ந்தவள். நான் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்துவிட்டு இதெல்லாம் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர், உங்களுக்கெல்லாம் இப்போது பொறுப்பாளராக இருக்கிறவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் நான்தான் மூத்த செவிலி. பிள்ளைகள் என்னைப் பெரிய சிஸ்டர் என்றும், அவரைச் சின்ன சிஸ்டர் என்றும் கூப்பிடுவார்கள். எனக்கு இன்றைக்கும் அவர் சின்ன சிஸ்டர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, ஓய்வூதியம் அவர் கையில் இல்லை.

ஊசி போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அழுகிற பிள்ளையைச் சமாளிப்பதும் கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும். அழாத பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் லேசில் வராது. எனக்கு வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு பிள்ளையின் கதை.

தர்ஷினி என்று ஒரு பெண். குமாரபாளையத்துக் குடும்பம். அப்பா ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் போகிறவர், வடக்கே போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார். அம்மா விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறவர். தறிப்பட்டறைக்காரர்களிடம் பேசியிருக்கிறீர்களா? அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர்கள் குரல் இறங்கவே இறங்காது. இந்த அம்மா வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டால் எங்கள் பிரிவு முழுக்க மணி தெரிந்துவிடும்.

தர்ஷினிக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவதுபோல மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போய், சாப்பிடும் வேளைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய வகை. முதல் வாரம் அழுதாள். அதற்குப் பிறகு அழவில்லை. பத்து வயதில் தானே மருந்தை உறிஞ்சி, தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். கல்யாண வீட்டில் இலையில் விழும் ஜிலேபியைத் தொடாமல் ஓரமாக நகர்த்தி வைப்பாள். அம்மா கண் கலங்கினால், “ஒன்னுமில்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்று அம்மாவைத் தேற்றுவாள். அந்த வயதில் நானெல்லாம் மிட்டாய்க்காகத் தரையில் உருண்டவள்.

இந்த முதிர்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட நோயோடு வளர்கிற பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே வருகிறது. அடுத்தவர் முகம் பார்த்துப் பேசவும், ஆசையை அடக்கவும், வலியைப் பொறுக்கவும் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் அவளைக் காட்சிக்கு வைத்தோம். மாதத்தில் ஒரு நாள் சர்க்கரைப் பிள்ளைகளுக்கான நாள். புதிதாக நோய் தெரிந்த பிள்ளை யாராவது ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டினால், “தர்ஷினியைக் கூப்பிடு” என்போம். அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் விலக்கித் தொடையில் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டுக் காட்டுவாள். “பாத்தியா, அக்கா அழறாளா?” என்று நான் கேட்பேன். பெற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அவள் என் பிள்ளை என்று மனதுக்குள் எழுதியே வைத்துவிட்டேன்.

ஆனால் பாருங்கள், காட்சி முடிந்ததும் அவள் என்னிடம் நிற்க மாட்டாள். நேரே சின்ன சிஸ்டரிடம் போவாள். அவர் அப்போது சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊசி போட்டால் கை நடுங்கும். நான் அவளை “கண்ணு, தங்கம்” என்பேன். அவரோ, “ஏண்டி, தலையை வாரிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவ? பேன் என் மேல ஏறப்போகுது, தள்ளி நில்லு” என்று எரிந்து விழுவார். அவள் தள்ளி நிற்காமல் இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். ஊட்டி வளர்த்த கை இங்கே இருக்க, அடிக்க ஓங்குகிற கை அவளுக்கு இனிக்கிறதா? ஒருமுறை சின்ன சிஸ்டரைப் பஞ்சு வாங்கிவர ஸ்டோருக்கு அனுப்பிப் பார்த்தேன். அவர் திரும்பி வருகிறவரை தர்ஷினி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடத்தில் பொறாமைப்பட்டது நான் மட்டும் இல்லை. தர்ஷினிக்கு மூன்று வயது இளையவள் ஒரு தங்கை, யாழினி. வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் மாதாமாதம் அவளும் கூட வருவாள். அக்கா சந்தனம் என்றால் இவள் பட்டாசு. எடைக்கருவியில் ஏறிக் குதிப்பாள், கைகழுவும் குழாயைத் திறந்துவிடுவாள், அடுத்தவர் வரிசைச் சீட்டைப் பிடுங்குவாள். ஆனால் என்ன செய்துகொண்டிருந்தாலும் ஒரு கண் அக்காவின் மேல்தான். அக்காவுக்கு யார் என்ன கொடுத்தார்கள், யார் தலையைத் தடவினார்கள், எல்லாவற்றையும் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவின் பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் குளுக்கோஸும் இருக்கும், சர்க்கரை இறங்கினால் சாப்பிட. அதை யாழினி தொடக் கூடாது. “அது அக்காளுக்கு மருந்து” என்பார் அம்மா. பிஸ்கட் எப்படி மருந்தாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கே விளக்கத் தெரியவில்லை.

ஒரு நாள் என் புடவையைப் பிடித்து இழுத்து, குனியச் சொல்லி, காதோடு கேட்டாள்.

“ஏனுங்க சிஸ்டர், எனக்கு எப்பங்க சக்கர வரும்?”

வாயைக் கழுவு என்று அதட்டினேன். எதற்காகக் கேட்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவளே சொன்னாள். சர்க்கரை வந்தால்தான் அம்மா சாமி என்று கூப்பிடுவாராம்.

இந்தச் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாழப்பாடிக்காரி. எங்கள் பக்கம் சாமி என்றால் கோயிலில் இருப்பவர், இல்லாவிட்டால் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். மேற்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கம் எல்லோருமே சாமி. தொட்டில் பிள்ளையும் சாமி, தடி ஊன்றி வரும் பெரியவரும் சாமி. பஸ்ஸில் கண்டக்டர்கூட, “உள்ள போ சாமி” என்பார். கொஞ்சலும் அதுதான், மரியாதையும் அதுதான். தர்ஷினிக்கு நோய் வரும்வரை அந்த வீட்டில் இரண்டு பெண்களும் சாமியாம். கோபம் வந்தால் இரண்டு பேரும் கழுதையாம். நோய் வந்த பிறகு, யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமலே, பெரியவள் சாமியாகவும் சின்னவள் கழுதையாகவும் பங்கு பிரிந்துவிட்டது. பெரியவளிடம் பேசும்போது மட்டும் அந்தத் தறிக்குரல் இறங்கிக் கிசுகிசுப்பாகிவிடும். “கையக் குடு சாமி. ஒரே நிமிசம் சாமி.” அதே மூச்சில் திரும்பி, “ஏ கழுத, கீழ எறங்கு!” என்று கூடம் அதிரும்.

யாழினிக்கு அந்தக் கிசுகிசுப்பு வேண்டும். அதற்காகச் சர்க்கரை வந்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்து வந்த ஒரு சர்க்கரை நாள். கூட்டமான கூட்டம். கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், நான்கு வயதுப் பெண் குழந்தை, நோய் தெரிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அது ஊசியைக் கண்டு அலறிய அலறலில் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அதைப் பெற்றவள் சுவரோரம் சாய்ந்து, இந்த ஊசியைத் தன்னால் போடவே முடியாது, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று அழுதாள். அப்படிப் போனால் பிள்ளை பிழைக்காது. உங்களுக்கு அது தெரியும். அந்த அவசரத்தில்தான் நான் வழக்கம்போல, “தர்ஷினியைக் கூப்பிடு” என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அவளுக்கும் ஊசி போட வேண்டிய வேளைதான். விரலைக் குத்திப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் பாடம். சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருந்தால் அதன் மேல் இன்சுலின் போடுவது ஆளையே சாய்த்துவிடும். “பாத்துட்டியா கண்ணு?” என்று கேட்டேன். “பாத்துட்டனுங்க சிஸ்டர், நல்லா இருக்குது” என்றாள். தர்ஷினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேறு எந்தப் பிள்ளை சொல்லியிருந்தாலும் கருவியைக் காட்டு என்று கேட்டிருப்பேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கெங்கவல்லிக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். மருந்தை உறிஞ்சினாள். அலறிக்கொண்டிருந்த குழந்தை கொஞ்சம் அடங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், எங்கிருந்தோ பாய்ந்து வந்த யாழினி அக்காவின் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டாள்.

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊசி கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆவது என்றார் ஒருவர். அக்காவைப் பாராட்டினால் இவளுக்குப் பொறுக்காது என்றார் எங்கள் பிரிவு ஆயா. கெங்கவல்லிக் குழந்தை மறுபடியும் அலறத் தொடங்கியது. அம்மா ஓடிவந்து யாழினியின் முதுகில் ஒன்று வைத்தார். அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ள நானும் கையை நீட்டிவிட்டேன். பொறாமை பிடித்த கழுதை என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அங்கே ஒன்று என்னை நிறுத்தியது. அடி வாங்கிய பிள்ளை அம்மாவைப் பார்க்க வேண்டும், இல்லை அழ வேண்டும். யாழினி இரண்டும் செய்யவில்லை. அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு மூக்குக்குக் கீழ வேர்த்திருக்குதுங்க சிஸ்டர். இது பொய்ச் சிரிப்புங்க. நெசமாச் சிரிச்சா இப்படி இருக்க மாட்டா.”

உங்களுக்குச் சொல்கிறேன், நெருக்கடி நேரத்தில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்காதீர்கள், என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். நான் தர்ஷினியின் கையைப் பிடித்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கண் எங்கோ நின்றிருந்தது. அவளிடம் எதுவும் கேட்காமல் விரலைக் குத்தினேன். கருவியில் வந்தது நாற்பதைச் சற்றுத் தாண்டிய எண், எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. அந்த ஊசி மட்டும் தொடைக்குள் போயிருந்தால் பஸ்ஸிலோ வீட்டிலோ அவள் நினைவிழந்து கிடந்திருப்பாள். எழுந்திருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது.

சின்ன சிஸ்டர் அதற்குள் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். “குடிடி” என்று ஒரே அதட்டு. குடித்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். பஸ்ஸில் யாழினிக்கு வாந்தி, அம்மா அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார், இட்லி டப்பாவைத் திறக்க முடியவில்லை, அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டாளாம். காலை ஊசியை வீட்டிலேயே போட்டாகிவிட்டது. விரலைக் குத்திப் பார்த்ததாகச் சொன்னதும் பொய். பார்த்து எண் குறைவாக வந்தால் எல்லோரும் பயந்துவிடுவார்கள், அந்தக் குட்டிப் பாப்பா வேறு அழுகிறது என்று நினைத்தாளாம்.

அம்மா தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தார். குரல் அப்படியே இறங்கிவிட்டது. “ஏன் சாமி சொல்லல? அம்மாகிட்டச் சொல்றதுக்கு என்ன சாமி?” என்று அவள் கன்னத்தைத் தடவினார்.

அப்போதுதான் அது நடந்தது. மூன்று வருஷமாக ஒரு சொல் உரக்கப் பேசாத பிள்ளை, அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள்.

“சாமின்னு கூப்படாத! சாமின்னாலே ஊசிதான். அவளக் கழுதைங்கறயல்ல, என்னயுங் கழுதைன்னு கூப்புடு!”

குடித்தது பாதி வாயிலிருந்து வழிய, காலை உதைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு அசிங்கமாக, மூக்கு ஒழுக, சின்னக் குழந்தையாக அழுதாள். கெங்கவல்லிக் குழந்தையே பயந்து அடங்கிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த டாக்டர், சர்க்கரை இறங்கினால் பிள்ளைகள் இப்படித்தான் ஏதாவது உளறுவார்கள், ஏறியதும் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னது தப்பில்லை. சர்க்கரை இறங்கினால் எரிச்சல் வரும், கத்துவார்கள், புத்தகத்திலேயே இருக்கிறது. அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு, “ஆமாங்க, அவ அப்படிப் பேசற புள்ளயே இல்லீங்க” என்றார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான் அந்த நிம்மதி வேண்டியிருந்தது. என் தங்கப் பிள்ளை என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

அடுத்தது நடக்காமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேன். அம்மாவுக்கு அப்போதுதான் சின்னவளை அடித்தது நினைவுக்கு வந்தது. சுவரோரம் நின்றிருந்த அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டி, கிசுகிசுப்பாக, “வா சாமி” என்றார்.

எந்தச் சொல்லுக்காகச் சர்க்கரையே வரட்டும் என்று கேட்டாளோ, அந்தச் சொல். அந்தக் குரல். யாழினி நகரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி மறைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா, நீட்டிய கைகளை மடக்காமல், மறைந்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். “ஊசி இல்ல கண்ணு, ஊசி இல்ல” என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை உளறவில்லை, சர்க்கரை இறங்கியதால் பூட்டு கழன்றது, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள் என்று என்னிடமே தள்ளிவிட்டார்.

தர்ஷினியை அன்று மாலை வரை படுக்கையில் வைத்திருந்தோம். தேறிய பிறகு அவளே பேசினாள். யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? என்னிடமா? சின்ன சிஸ்டரிடம். நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாழினி பாத்திரத்தை உடைத்தால் அம்மா திட்டுவாராம், கையிலிருந்த தட்டை இவள் போட்டால், “பரவால்ல சாமி” என்பாராம். தெருவே யாழினியை விரட்டுமாம், இவளைக் கண்டால் வழி விடுமாம். யாழினி சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துப் படுக்கிறாள், தன்னால் ஒரு நாளும் அப்படிப் படுக்க முடியாது. அவளைப் பார்த்தால் சில நாள் அடிக்க வேண்டும்போல இருக்கும் என்று சொன்னாள்.

“நீங்க ஒருத்தருதான் சிஸ்டர் எனக்கு நோவே இல்லாத மாதிரித் திட்டறீங்க” என்றாள்.

அப்படியென்றால் பெரிய சிஸ்டர் எப்படி என்று சின்ன சிஸ்டர் கேட்டார். கேட்காமல் விட்டிருக்கலாம்.

“பெரிய சிஸ்டர் பாவம். நான் அழுதா அவங்களுக்குச் சங்கடமாப் போயிரும்.”

விரிப்பை மடித்தபடியே நின்றேன். அம்மாவை, தங்கையை, ஊர் பேர் தெரியாத கெங்கவல்லிக் குழந்தையை மட்டும் அவள் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. என்னையும் தாங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவளை, பதினோரு வயதுப் பிள்ளை. நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். சின்ன சிஸ்டர் மேல் அன்றைக்கு வந்த பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் அதில் ஒரு பாடம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் பிரிவில் எந்தப் பிள்ளையையும் இன்னொரு பிள்ளைக்குக் காட்டுவதை நிறுத்தினோம். “இவ சொன்னா சரியா இருக்கும்” என்று எந்தப் பிள்ளையின் பேச்சையும் கருவிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதையும் நிறுத்தினோம். அழாத பிள்ளையைக் கண்டால் மெச்சாமல் பக்கத்தில் உட்காரப் பழகினோம். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், தெரிகிறது. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நோய் இல்லாத பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள். வயிற்றெரிச்சல்காரியின் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. நான் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

அம்மாவோடும் பேசினேன். பெரியவளைத் திட்டுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த மாதம் வந்தபோது, முடியவில்லை என்றார். “வாயெடுத்தா அழுகைதாங்க வருது. அவ தட்டக் கீழ போட்டா, திட்டோணும் திட்டோணும்னு நிக்கறேன், அதுக்குள்ள அவளே பொறுக்கி வெச்சர்றா.” இப்போது அவளுக்கு விரலைக் குத்திப் பார்ப்பது அவர்தான், அப்போது மட்டும் சாமி என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். அதற்குப் பதிலாக எதுவும் சொல்லத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு குத்தினாராம். திட்டுவதற்கு மருந்துச் சீட்டா எழுதிக் கொடுக்க முடியும்?

அதற்கும் சில மாதங்கள் கழித்து ஒரு சர்க்கரை நாள். புதிதாக ஒரு குழந்தை அலறியது. பழக்க தோஷத்தில் ஆயா, “தர்ஷினியக் கூப்பிடுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், இன்றைக்கு முடியாதுங்க, எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்று. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வாசலில் கொய்யாக்காய் வண்டி நின்றது. அக்காவும் தங்கையும் அங்கே போய், யார் கடித்தது பெரிய துண்டு என்று மல்லுக்கு நின்றார்கள். அம்மா மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நானும் அவரோடு வாசல் வரை வந்தேன். குமாரபாளையம் பஸ் கேட்டைத் தாண்டி வந்து நிற்பது தெரிந்தது. பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தர்ஷினியின் கையில் இருந்த கொய்யாவைக் கண்டதும், ஊசி போட்டாளா, கணக்குப் பார்த்தாளா, கேட்டுவிட்டுத் தின்றாளா என்று அம்மாவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து தொண்டையில் முட்டியிருக்க வேண்டும். தறிப்பட்டறைக் குரல், முழுக் குரல், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும் குரல்.

“ஏ கழுத! அங்க என்னடி பண்ற?”

இரண்டு தலையும் ஒரே நேரத்தில் திரும்பின.

“என்னயத்தான் கூப்படறாங்க” என்றாள் யாழினி.

“போடி. என்னயத்தான். நாந்தான் மூத்தவ” என்றாள் தர்ஷினி.

“நாந்தான் எப்பவும் கழுத! உனக்குத்தான் சாமி இருக்குதல்ல?”

“அத நீயே வெச்சுக்க.”

யாழினி விடுவதாக இல்லை. தர்ஷினியும் விடவில்லை. கொய்யாக்காய்க்காரர் தராசைக் கையில் பிடித்தபடி சிரித்தார். அந்தப் பட்டத்துக்கு இப்படி ஒரு போட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அம்மா என்னைப் பார்த்தார், வாய் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

“ரெண்டு கழுதையும் வாங்க சாமி, பஸ்ஸு போயிருது!” என்று அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினார்.

இரண்டும் ஓடிவந்தன. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் சண்டை போட்டபடியே பஸ்ஸை நோக்கி ஓடின. யாரும் கையை மறைக்கவில்லை.